கைக்கணினியும் தமிழ் எழுத்தும்

எழுதப்படும் பொருளின் இயல்பு எழுத்தின் வடிவத்தையும் நூலின் பாடத்தையும் தாக்கும் என்பது பாட ஆராய்ச்சியாளர் நன்கறிந்தது. ஓலையில் புள்ளி குத்தின் ஓலை பழுதுறும் என்றஞ்சி ஏடெழுதுவோர் மெய்க்குப் புள்ளியிடாது விட்டனர் என்பர். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் ஏடுகளில் கொம்பினாற் புலப்படுவதில்லை. இரட்டைச் சுழிக்கொம்பால் அதனைத் தெளிவாக்கியவர் வீரமாமுனிவர். தரங்கம்பாடியில் அச்சகம் நடத்திய சீகன்பால்கு குழுவினர், செருமனியின் ஆல்லே நகரிலிருந்து 1713 இல் வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியனவாய் இருந்தமையாலும் தாள் அரிதாய் இருந்தமையாலும், சிறிய எழுத்துகளை ஈண்டே வார்த்துக்கொண்டு 1715 இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். ஓலை, அச்சு ஆகிய இவற்றின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. மேசைக் கணினியில் தமிழ் புகுந்த வரலாறும் எழுதப்பட்டு வருகின்றது. உள்ளங்கையில் அடங்கும் கணினி வழியாகத் தமிழ்ப் பக்கங்களைப் படிக்க முயன்ற முதற் பதினைந்து ஆண்டுகளின் வரலாறு மட்டும், மிக அண்மையது என்பதனாலேயே போலும், நம் துறையினர் நோக்கிற்கு இன்னும் வாராதிருக்கின்றது.

அவ் வரலாற்றில் ஒரு கூற்றை மட்டும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. தமிழ் எழுத்துகள் பல, வடிவங்கள் சிக்கலானவை, ஆதலின் சிறு கருவிகள் அவற்றைத் தாங்கா என்னும் கருத்து ஒரு காலத்தில் பரவலாக நிலவியது. எழுத்துச் சீர்திருத்தம் வேண்டுவார் சிலர் இதனைத் தம் கோரிக்கைக்குச் சான்றாகவும் காட்டினர். கைக்கணினியில் தமிழ்ப் பக்கம் தோன்றாமைக்கும், பின்னர்த் தோன்றியமைக்கும் உரிய காரணங்களை நிரலே நோக்குவார்க்கு இக்கருத்து நிலைபெறாது என்பது புலனாகும்.

கைக்கணினி என்னும் சொல்லை ஈண்டு விரிந்த பொருளில் ஆள்கின்றேன். 1996 இல் அமெரிக்காவில் வெளிவந்த பாம் பைலட் என்னும் குறிப்பேட்டுக் கணினியும், அதே ஆண்டில் நோக்கியா வெளியிட்ட 9000 கம்யூனிகேட்டர் என்னும் மடிப்புக் கைபேசியும், 1999 இல் வந்த 7110 போன்ற வாப் கைபேசிகளும் இதனுள் அடங்கும். பாம் பைலட்டின் திரை அகலத்தில் 160, உயரத்தில் 160 புள்ளிகளை உடையது. 7110 இன் திரையோ அகலத்தில் 96, உயரத்தில் 65 புள்ளிகளே உடையது. ஆங்கிலப் பக்கங்களே இத்திரைகளில் குறைத்தும் வெட்டியும் காட்டப்பட்டன. பொதுவாக இக்கருவிகளில் ஆக்கியோன் வைத்த எழுத்துருக்களே உண்டு. படிப்போன் தன் விருப்பப்படி வேறெழுத்துருவைச் சேர்த்தல் எளிதன்று. இக்குறிப்பைப் படிப்போர் நினைவிற் கொள்க. பின்வரும் செய்திகள் பலவும் இதனையே பற்றி நிற்பன.

இந்திய மொழிகளை உளங்கொண்டு உருவாக்கப்பட்ட முதற் கைக்கணினி என்னும் பெருமைக்கு உரிமை கோரத்தக்கது சிம்ப்யூட்டர். வளரும் நாடுகட்கான தகவல் நுட்பம் பற்றி 1998 இல் பெங்களூரில் நிகழ்ந்த கருத்தரங்கில் இதன் எண்ணம் தோன்றியது. 1999 இல் இதற்கென ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களான விசய் சந்துரு, சுவாமி மனோகர், இரமேசு அரிகரன், வினய் ஆகிய நால்வரும், என்கோர் என்னும் மென்பொருள் நிறுவனத்தாரும் இதனை வகுத்தனர். 2001 ஏப்பிரலில் முதல் வடிவம் காட்டப்பட்டது. திரை 320 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் உடையது, இயங்குதளம் லினக்சு, எண்ணிய விலை ஏறத்தாழ 9,000 உரூபாய். ஒரு கருவியை ஓர் ஊரார் பலரும் மாறி மாறிப் பயன்படுத்துமாறு ஒவ்வொருவர்க்கும் ஓர் அறிவட்டை அமைந்தது. எழுதப் படிக்க அறியாதார்க்குக் கருவியே படித்துச் சொல்லும் வசதியும் கருதப்பட்டது. பக்கங்களை அமைப்பதற்குத் தனக்கென ஒரு குறிமொழியையும் அது கொண்டிருந்தது. இங்கேதான் அதன் சிறப்பும் குறையும் ஒருங்கே இருந்தன. அக்குறிமொழியில் எழுதித் தருவார் மிகுந்தாலன்றிப் படிப்பதற்குப் பொருள் மிகாது. 2004 இல் பாரத் எலக்ட்ரானிக்சு நிறுவனத்தின் வழி அமிடா என்னும் பெயரில் அது விற்பனைக்கு வந்தபோது விலை ஏறத்தாழ 10,000 உரூபாயிலிருந்து 20,000 உரூபாய் வரை இருந்தது. விற்றவை சில ஆயிரங்களே. சிற்றூரானுக்கு வகுத்த கருவி சிற்றூரான் கைக்கு எட்டவில்லை. எட்டியது வேறொரு கருவி. அது நம் நாட்டிலேயே, காஞ்சிக்கும் சென்னைக்கும் இடையே, கோடிக்கணக்கில் ஆக்கப்பட்டது.

இராமானுசர் பிறந்த ஊர் எனச் சமய வரலாற்றில் பெயர்பெற்றதும், பூதபுரி என வடமொழியாளரால் வழங்கப்பெற்றதும் ஆகிய திருப்பெரும்புதூர், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு பெயரையும் பெற்றது. அங்குத் தொழிற்சாலை நிறுவ நோக்கியா நிறுவனம் 2005 இல் தமிழக அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டது. 2006 இன் தொடக்கத்தில் ஆக்கம் தொடங்கியது. ஏறத்தாழ 210 ஏக்கர்ப் பரப்புள்ள சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் அதனைச் சூழ உறுப்புகள் செய்யும் நிறுவனங்களும் அமைந்தன. தெற்கே ஒரகடத்தில் ஊர்தித் தொழில் பெருக, வடக்கே கைபேசித் தொழில் பெருகிற்று. மிக்கிருந்த காலத்து நோக்கியா ஆலையில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் பணியாற்றினர். அவருட் பெரும்பாலோர் இளம்பெண்கள். சில ஆண்டுகளுக்குள் அங்கு ஆன கைபேசிகளின் தொகை 50 கோடியைக் கடந்தது. உள்நாட்டில் விற்றவை போக எஞ்சியவை பல நாடுகட்கும் சென்றன.

தமிழ்ப் பெண்களின் கையால் முடிந்த அக்கருவிகள் தமிழைக் காட்டினவா என்பதே நமக்குரிய வினா. தமிழ்ப் பட்டியலும் தமிழ்க் குறுஞ்செய்தியும் கொண்ட மலிவுக் கைபேசிகள் சில காலப்போக்கில் வந்தன. ஆயினும் இணையப் பக்கத்தைத் திறந்த அளவில், அக்காலத்துக் கைபேசிகள் பலவற்றில் தோன்றியவை வெற்றுக் கட்டங்களே. யான் ஆய்வு மாணவனாக இருந்தபோது பேருந்தில் அமர்ந்து மதுரைத் திட்டத்தின் பக்கமொன்றைக் கைபேசியில் திறந்து, கட்டங்களை எண்ணிச் சீர்களைக் கணிக்க முயன்றதுண்டு. அஃது ஒரு விளையாட்டே. கட்டம் ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாகவும் இல்லை என்பதை அப்போது அறிந்தேன்.

கட்டம் எழுத்தாகாமை எதனால் என்பதை விளக்குதல் வேண்டும். தமிழைக் கணினியில் குறிக்க இரு நெறிகள் இருந்தன. கண்ணுக்குத் தோன்றும் வடிவத்தைத் தோன்றும் வரிசையிலேயே சேமித்தல் ஒன்று. எழுத்திலக்கண முறைப்படி மெய்யை முன்னும் உயிர்க்குறியைப் பின்னுமாகச் சேமித்தல் மற்றொன்று. திஸ்கி என்னும் குறியேற்றமும், 1999 பிப்பிரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை அடுத்துத் தமிழக அரசு ஏற்ற டாப், டாம் என்னும் குறியேற்றங்களும் முதல் நெறியைச் சார்ந்தவை. ஒருங்குறி இரண்டாம் நெறியைச் சார்ந்தது. இஸ்கி என்னும் இந்தியத் தரத்தின் அடியாக 1991 இலேயே அதன்கண் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ‘பெண்’ என்னும் சொல்லைக் காண்க. திஸ்கியில் அது கொம்பு, பகரம், புள்ளியுற்ற ணகரம் என மூன்று குறிகள். ஒருங்குறியில் பகரம், கொம்பு, ணகரம், புள்ளி என நான்கு குறிகள். கொம்பைப் பகரத்தின் இடப்புறம் கொணர்ந்து வைக்கும் பொறுப்பு திரையில் எழுதும் கருவியுடையது.

இப்பொறுப்பை ஆற்றும் அறிவு கருவிக்கு இல்லையாயின் நேர்வது விந்தையானது. பகரம் முன்னே நிற்கும். அடுத்து நிற்கும் கொம்பு தனக்கு வலப்புறத்து ணகரத்தைப் பற்றிக்கொண்டதுபோலத் தோன்றும். ‘தேன்’ என்பது தகரத்தோடும், கொம்பும் புள்ளியும் ஒருங்கே பெற்ற னகரத்தோடும் நிற்கும். உயிரேறிய மெய்க்குப் புள்ளியும் உண்டெனத் தொல்காப்பியர் ஓரிடத்தும் கூறிற்றிலர்! உகர ஊகாரங்கள் மெய்யோடு இணையாது தனித்து நிற்கும். ஐகாரக் கொம்பு அடுத்த எழுத்திற்குத் தாவும். கட்டங்களைக் கடந்து எழுத்துரு இருந்த கருவிகளிலும் பக்கங்கள் இவ்வாறே காட்சியளித்தன. ஏடெழுதுவோர் பிழைகளுக்குப் பழகிய கண் இவற்றைத் திருத்திப் படித்துவிடும், உ.வே. சாமிநாதையர் போன்றார் கண்ட ஏடுகளோடு ஒப்பிட இவை எளியனவே. புதிதாய் எழுத்தறிந்த தொழிலாளிக்கு அவை எளியனவாகா.

முதல் நெறியினர்க்கு இவ்விடர் இல்லை. எழுத்துரு இருந்தாற் போதும். அடுக்கியபடியே திரையில் வரும். ஆனால் அவ்வெழுத்துருவைக் கைபேசியிற் சேர்க்க இயலாது என்பதை முன்னரே கண்டோம். மேசைக் கணினியில் ஒவ்வொரு நாளிதழும் வார இதழும் தத்தமக்குரிய எழுத்துருவை இறக்கிக்கொள்ளுமாறு படிப்போரைக் கேட்டன. படிப்போரும் சலித்துக்கொண்டே இறக்கினர். கைபேசியில் அதற்கும் வழியில்லை. ஆக, ஒரு நெறிக்கு எழுத்துரு இல்லை. மற்றொன்றுக்கு அறிவு இல்லை.

அளவும் ஓர் இடராயிற்று. திஸ்கியில் ஒரு குறி ஒரு பைட்டு. இணையத்தில் வழங்கும் ஒருங்குறி வடிவத்தில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. ‘பெண்’ அங்கே மூன்று, இங்கே பன்னிரண்டு. அளவிற்கேற்பக் கட்டணம் வாங்கிய அந்நாளில் இவ்வேறுபாடு படிப்போன் பையைத் தொட்டது. திரையின் குறுமை அதனினும் கொடிது. 128 புள்ளி அகலமுள்ள திரையில் ஓர் எழுத்துக்குச் சராசரி 12 புள்ளி எனக் கொள்ளின் வரிக்குப் பத்தெழுத்து அமையும். ‘பல்கலைக்கழகத்தினர்’ என்னும் பன்னிரண்டெழுத்துச் சொல் ஒரு வரியுள் அடங்காது. நாற்சீரடி ஒன்று இரண்டு மூன்று துண்டாகும். அதுவும் சீர் எல்லையில் முறியாது கண்டவிடத்து முறியும்.

இவ்விடர்களுக்கு முதலில் விடை கண்டவர் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன். அவர் உருவாக்கிய செல்லினம் 2005 பொங்கல் நாளில் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. கைபேசியின் எழுத்துருவை நம்பாது, எழுத்து வடிவங்களைச் செயலியே தன்னுள் கொண்டு சென்று திரையில் வரைந்தது. தமிழில் குறுஞ்செய்தி எழுதவும் படிக்கவும் இயன்றது. ஆயினும் அது செய்திக்கு உரியது; இணையப் பக்கம் முழுவதற்கும் உரியதன்று.

பக்கங்கட்கு விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. நார்வே நாட்டு ஓபரா நிறுவனம் 2006 சனவரியில் உலகெங்கும் வெளியிட்ட ஓபரா மினி என்னும் உலாவி, பக்கத்தை நேரே கைபேசிக்குக் கொணர்வதில்லை. படிப்போன் வேண்டிய பக்கத்தை முதலில் அந்நிறுவனத்தின் பணியகக் கணினி பெற்று, அலசிச் சுருக்கிக் கைபேசிக்கு அனுப்பும். எளிய கைபேசியும் பெரும் பக்கங்களைத் திறந்தது. செலவும் பெரிதும் குறைந்தது. பின்வந்த பதிப்புகளில் மறைவாக ஓர் அமைப்பும் இருந்தது. முகவரிக் கட்டத்தில் ஓபரா கான்ஃபிக் என்னும் தொடரை இட்டால் ஒரு பட்டியல் வரும். அதன்கண், சிக்கலான எழுத்துமுறைகட்குப் புள்ளிப்பட எழுத்துருவை ஆள்க என்னும் பொருளுடைய வரிக்கு ‘ஆம்’ எனக் குறித்துச் சேமிக்க வேண்டும். அதன்பின் தமிழ் எழுத்துகளைப் பணியகமே முறைப்படி கோத்து, படமாக்கி அனுப்பும். கொம்பு தனக்குரிய இடத்தில் நின்றது. இந்நுணுக்கம் ஒருவர் வாய் கேட்டு ஒருவர் அறிந்ததாகவே பெரும்பாலும் பரவிற்று. என் மாணவர் ஒருவர் அதனைக் கல்லூரிக் கையேட்டின் பின்னட்டையில் எழுதி வைத்திருந்தார். பலர் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போயினர்.

திருப்பெரும்புதூரில் முடிந்த ஒரு கைபேசியில், நார்வே நாட்டு நிறுவனத்தின் கணினி தீட்டி அனுப்பிய படமாகத் தமிழ் படிக்கப்பட்ட காலம் இது. படமாதலின் அதிலிருந்து ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்ட இயலாது. மேற்கோள் வேண்டுவோர் கையால் எழுதிக்கொள்ளல் வேண்டும். பெரிதாக்கின் மங்கும். எனினும் படிக்கலாயிற்று.

இம்முறை ஒருங்குறிப் பக்கங்கட்கே பயன்பட்டது என்பதை ஊன்றி நோக்குதல் வேண்டும். தனியெழுத்துருவில் அமைந்த பக்கம், பணியகத்திற்குப் பொருளற்ற உரோமன் குறிகளின் கோவையாகவே தோன்றும்; அவ்வாறே கைபேசிக்கும் வந்து சேரும். தமிழ் இணையம் ஒருங்குறிக்கு மாறியமைக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணங்கள் இரண்டு. மைக்ரோசாஃப்டின் விண்டோசு 2000 இல் ஒருங்குறித் தமிழும் லதா எழுத்துருவும் இடம்பெற்றமை ஒன்று. 2010 சூன் 23 அன்று, கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், ஒருங்குறியையும் டேஸ்-16 என்னும் குறியேற்றத்தையும் தமிழக அரசு தரங்களாக அறிவித்தமை மற்றொன்று. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முதலியன முன்னரே ஒருங்குறியில் எழுதப்பட்டன ஆதலின், கைபேசியே இம்மாற்றத்தைத் தொடங்கிற்று எனல் பொருந்தாது. ஆயினும் தனியெழுத்துருவைப் பற்றி நின்ற இதழ்கட்கு, அரசாணையினும் கைபேசியே வன்மையான காரணமாயிருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. மேசையில் அமர்ந்த படிப்போனை எழுத்துரு இறக்குக என்று ஏவலாம். கைபேசி ஏந்தியவனை ஏவுதல் இயலாது. அவன் வேறு பக்கத்திற்குப் போய்விடுவான்.

நோக்கியா ஆலையின் முடிவு நூறு கட்டுரைகளில் எழுதப்பட்டது. ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. 2014 ஏப்பிரலில் அந்நிறுவனத்தின் கைபேசித் தொழில் மைக்ரோசாஃப்டின் வயமாயிற்று; வரி வழக்கின் காரணமாகத் திருப்பெரும்புதூர் ஆலை அதனோடு செல்லவில்லை. 2014 நவம்பர் 1 அன்று ஆக்கம் நின்றது. ஆலை மூடுவதற்குள் எழுத்தின் நிலை மாறிவிட்டது. 2012 ஐ ஒட்டி வந்த ஆண்டிராய்டுக் கருவிகளில் எழுத்துகளைக் கோக்கும் அறிவு கருவியினுள்ளேயே அமையலாயிற்று. 2013 இல் ஆப்பிள் நிறுவனத்தின் ஐஓஎஸ் 7 தமிழ் விசைப்பலகைகளோடு வந்தது. பின்னர் 2019 முதல் ஐபோன்களும் திருப்பெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில் ஆக்கப்படுகின்றன. அவற்றுள் ‘பெண்’ பெண்ணாகவே தோன்றுகின்றது.

இப்பதினைந்து ஆண்டுகளில் தமிழ் எழுத்தில் ஒரு வடிவமும் மாற்றப்படவில்லை. 1978 இல் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்தத்திற்குப் பின் இகர ஈகார, உகர ஊகார வரிசைகளை மாற்றும் திட்டத்தை வா.செ. குழந்தைசாமி முதலியோர் முன்வைத்தனர். அது நடைமுறைக்கு வரவில்லை. வடிவத்தைக் கோக்கும் பணி முதலில் செயலியிடமும், பின்னர்த் தொலைவிலிருந்த பணியகத்திடமும், இறுதியில் கருவியிடமும் சேர்ந்தது. மாறியது பணி செய்யும் இடமே. சீர்திருத்தத்திற்குக் கல்வி முதலிய வேறு காரணங்கள் கூறப்படலாம். அவை தனியே ஆராயத்தக்கன. கருவியைக் காரணங்காட்டல் மட்டும் இனி ஒவ்வாது.

ஆயினும் அக்காலம் நமக்கு ஒரு கடனை வைத்துச் சென்றது. திஸ்கியிலும் தனியெழுத்துருக்களிலும் 2005 வரையில் எழுதப்பட்ட கட்டுரை, கதை, நேர்காணல் ஆகியவற்றுட் பல, மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. 1998 பொங்கலன்று தொடங்கிச் சில காலம் திஸ்கியில் நூல்களை வெளியிட்ட மதுரைத் திட்டமும் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. இணையத்தில் பரவியுள்ள மாற்றுப் பாடங்களை நோக்குவார் ஒரு பிழையை அடிக்கடி காண்பர். வடிவநெறியில் ஔகாரக் குறியின் வலப்பாதிக்குப் பலரும் ளகரத்தையே இட்டனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மாற்றிய பின்னரும் அது ளகரமாகவே நின்றுவிட்டது. ஆதலின் ‘பௌத்தம்’ என்று தேடுவார்க்குக் கொம்பும் ளகரமுமாக எழுதிய ‘பெளத்தம்’ அகப்படுவதில்லை; ‘கௌதமன்’, ‘மௌனம்’ ஆகியவற்றின் நிலையும் இதுவே. சொல்லடைவு செய்வார் இவற்றை இருவேறு சொற்களாக எண்ணிவிடுவர்.

இதனைப் பொறியே திருத்துமாறு விதி வகுக்கலாம். ளகரத்தின் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வருமாயின் அது ளகரமே. ‘வெள்ளம்’, ‘வெளி’ என்றாற்போல. வாராதாயின் ஔகாரம் எனக் கொள்ளலாம். செய்யுளுக்கும் கட்டுரைக்கும் இவ்விதி ஏறத்தாழப் பொருந்தும். வட்டார வழக்கு நாவல்களிலோ பேச்சுமொழி உரையாடலிலோ இதனை அப்படியே செலுத்தலாகாது. ஆண்டு ‘விளக்கு’ என்பது ‘வெளக்கு’ என நிற்கும். விதியைக் கண்மூடி ஏவின் அது ‘வௌக்கு’ ஆகிவிடும். இவ்வகைப் பாடங்களைப் பதிப்பிக்கப் புகுவோர் ளகரம் தொடரும் கொம்பு ஒவ்வொன்றையும் தம் கண்ணாற் காணுதல் வேண்டும்.